புரோகிராம் எழுத இனி ஆள் வேண்டாமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கணினி அறிவியல் கடைசி வருடம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார், கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார். நான் ஒரு வாரம் முட்டி மோதி எழுதும் புரோகிராமை ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறது. தப்பான படிப்பைப் படித்துவிட்டேனா?

ஜெரோம்

அன்புள்ள ஜெரோம்,

இல்லை. ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. சின்னப் பிழை திருத்துவது, புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை எழுதுவது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த வேலைகள்தான் ஏஐக்கு முதலில் கைவந்திருக்கின்றன. அவற்றில் அடிபட்டுத்தான் எல்லோரும் தொழில் கற்றார்கள். புதியவர்களை எடுக்காத கம்பெனிகளுக்குப் பத்து வருடம் கழித்து சீனியர்கள் எங்கிருந்து வருவார்கள்? இதில் எனக்குக் கோபமே உண்டு.

சரி, உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். ஒரு விசைப்படகின் கணக்குக்கு ஏஐயிடம் புரோகிராம் கேளுங்கள். எடை, விலை, மொத்தம் என்று உடனே தந்துவிடும். ஆனால் டீசல், ஐஸ் செலவு போகத்தான் பங்கு பிரிப்பார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே மீனைப் போட வேண்டியிருக்கும், அவர் வைப்பதுதான் விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், கடன் மட்டும் ஏறும். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சொன்னால் ஏஐ இதையும் எழுதும்தான். ஆனால் எதைச் சொல்லாமல் விட்டோம், எங்கே கணக்கு இடிக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். தப்பினால் ஒரு வீட்டின் பங்கு குறையும், அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

2025இல் மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 டெவலப்பர்களை அவர்களுக்கு நன்கு பழகிய புராஜெக்ட்களிலேயே சோதித்தது. ஏஐ துணையோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பினார்கள். அப்புறம் கருவிகள் நிறைய மாறிவிட்டன, அந்த எண்ணை இன்றைக்கு அப்படியே பொருத்த வேண்டாம். அனுபவசாலிகளுக்கே தங்கள் வேகம் பிடிபடவில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். படிக்கிற வயதில் அந்த மயக்கம் இன்னும் ஆபத்து.

அந்தப் படகுக் கணக்கையே செய்யுங்கள். ஏஐயை வைத்தே செய்யலாம், ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் என்று சொல்ல முடிகிறவரை விடாதீர்கள். முதலில் அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு பாம்பனில் இரண்டு படகுக்காரர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்துங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றியே பேசுங்கள்.