மார்ஷல் நேசமணி போராட்டம் நடத்தியதைத் தவிர என்ன சாதித்தார்? ஒரு விளவங்கோட்டுக்காரனின் பதில்

கேள்வி இதுதான்: குமரி மாவட்டத்தில் நேசமணியை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, ஊர்வலமும் மறியலும் தவிர அவர் அரசியலில் என்ன செய்தார்?

நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். சின்ன வயதில் எனக்கு நேசமணி என்றால் பஸ்தான். அப்போது எங்கள் மாவட்டத்து அரசு பஸ்களில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருக்கும். 1997-இல் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போய்விட்டது. அந்தப் பெயர் யாருடையது என்று நான் பாட்டாவிடம் (தாத்தாவிடம்) கேட்டதற்கு, அவர் பதில் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்துக் கையில் கொடுத்தார். கொல்லம் ஆண்டு 1118 (அதாவது 1942-43) என்று போட்ட, மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோன பத்திரம், முழுக்க மலையாளத்தில். "மக்களே, இதை வாசிச்சுப் பாரு" என்றார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. "எங்க அப்பாவுக்கும் தெரியாது. எழுதினவர் வாசிச்சுச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வச்சாரு" என்றார்.

இதை முதலில் சொல்லக் காரணம், அப்போது எங்கள் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, அந்தத் திருவிதாங்கூர்த் தமிழர் பிரச்சினையை மொழிப்பற்று என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். கல்குளம், விளவங்கோடு பக்கம் சர்க்கார் ஆபீஸ், கோர்ட்டு, பத்திரம் எல்லாம் பெரும்பாலும் மலையாளம். அதற்குமேல் சாதி. 1895-இல் பள்ளியாடியில் பிறந்த நேசமணி, திருவனந்தபுரத்தில் சட்டம் படித்துவிட்டு நாகர்கோவில் கோர்ட்டுக்கு முதல்நாள் போனபோது, மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்ததைப் பார்த்து, முக்காலியைக் காலால் எட்டி உதைத்தார் என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். அந்த மனிதரே 1943-இல் அங்கே வக்கீல் சங்கத் தலைவரானார். அதே வருடம் திருவிதாங்கூர் சட்டசபையான ஸ்ரீமூலம் சபைக்கும் போனார்.

தமிழருக்குத் தனி இயக்கம் தொடங்கியது அவர் இல்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1945 கடைசியில் சாம் நத்தானியேல் முதலானோர் நாகர்கோவிலில் ஆரம்பித்தது அது. நாஞ்சில் நாட்டில் பி.எஸ். மணி போன்றவர்களும் உழைத்தார்கள். நேசமணி 1947-இல்தான் உள்ளே வந்தார். ஆனால் அவர் வந்தபிறகுதான் அந்த இயக்கம், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரில், ஓட்டு வாங்கும் கட்சியானது. 1948-இல் வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டுரிமை கொடுத்து நடந்த முதல் தேர்தலில் 120 இடங்களில் 14 இந்தக் கட்சிக்கு. அந்தத் தேர்தல் சமயத்திலேயே துப்பாக்கிச் சூடு நடந்து மங்காடு தேவசகாயம், கீழ்குளம் செல்லையா இருவரும் உயிரை விட்டார்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது இனிமேல் வருவதைத்தான். 1952-இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையில் 108 இடம், காங்கிரசுக்கு 44தான், பெரும்பான்மை இல்லை. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு வெறும் 8. அந்த எட்டுப் பேர் கைகொடுத்ததால் ஏ.ஜே. ஜான் முதல்வரானார், தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நகரவில்லை என்றதும் 1953-இல் அவர்கள் கையை எடுத்தார்கள், மந்திரிசபை விழுந்தது. மறுபடி தேர்தல், 1954-இல் எட்டு பன்னிரண்டானது. ஒரு மூலையில் இருக்கிற நாலைந்து தாலுகாவின் கட்சி, திருவனந்தபுரத்தில் ஆட்சியை நிறுத்தவும் இறக்கவும் முடியும் என்று காட்டியது. நேசமணி அப்போது நாகர்கோவில் தொகுதி எம்.பி.யாக டெல்லியில் பேசினார், இங்கே அவருடைய கட்சி சபையில் கணக்குப் போட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எப்பேர்ப்பட்ட தலைவர் என்று தெரியும். தெருவில் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அந்தக் கூட்டத்தை எண்ணிக்கையாக மாற்றிச் சபைக்குள் உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

போராட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1954-இல் தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தொழிலாளருக்காக மூணாறு போய்த் தடையை மீறிக் கைதானார். அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பட்டம் தாணுபிள்ளை அப்போது முதல்வர், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே இதற்காக அவர் பதவி விலக வேண்டும் என்று கேட்டார். பாட்டா அன்றைக்குக் கருப்பட்டிச் சுமையோடு புதுக்கடைச் சந்தையில் நின்றிருக்கிறார். வெடிச்சத்தம் கேட்டதும் சுமையைப் போட்டுவிட்டு ஓடியவர், ரெண்டு நாள் கழித்துத் திரும்பிப் போய்த் தேடியபோது ஓலைக்கொட்டான் மட்டும் கிடந்ததாம். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எங்களிடம் பேசவே மாட்டார்.

சரி, பலன் என்ன? கட்சி கேட்டது ஒன்பது தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் தெற்கே உள்ள நாலையும் செங்கோட்டையையும் மட்டும் தமிழகத்துக்குத் தரச் சொன்னது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அந்த நாலு தாலுகா சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. இந்த நாலு தாலுகாவிலும் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்துக் காட்டியிருந்தது எவ்வளவு பெரிய சாட்சி என்று யோசித்துப் பாருங்கள். தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் அதிகம் இருந்தும், அவர்கள் தோட்டவேலைக்கு வந்து போகிறவர்கள் என்று தள்ளிவிட்டார்கள். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். நெய்யாற்றின்கரை கேரளத்துக்குப் போனதன் வலியை எங்கள் விவசாயிகளிடம் கேளுங்கள்: நெய்யாறு அணை அந்தப் பக்கம், இடதுகரைக் கால்வாயின் கடைசிப் பகுதி இந்தப் பக்கம். 2004-இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெல் விளைந்த எங்கள் வயலில் இப்போது ரப்பரும் வாழையும் நிற்கிறது.

இணைப்புக்குப் பிறகு அவர் தனிக்கட்சியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை, காங்கிரசோடு சேர்த்துவிட்டார். 1957-இல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1962-லும் 1967-லும் மறுபடி நாகர்கோவில் எம்.பி. அந்த 1967-ஐ யோசித்துப் பாருங்கள், விருதுநகரில் காமராஜரே தோற்ற வருடம், தமிழ்நாடு முழுக்கக் காங்கிரசுக்குக் கிடைத்த எம்.பி. இடம் மூன்றுதான், அதில் ஒன்று இவருடையது. 1968 ஜூன் 1-இல் இறந்தார். அவர் விட்டுப்போன இடத்தில்தான் 1969 இடைத்தேர்தலில் காமராஜர் நின்று ஜெயித்து டெல்லி போனார்.

அப்புறம் அந்த டிரங்குப் பெட்டி. அதில் இன்னொரு ஆதாரமும் இருந்தது, பாட்டா 1961-இல் பன்னிரண்டு சென்ட் வாங்கியது, தமிழில். அன்றைக்கு அதை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார்: கிழக்கே தோடு (ஓடை), மேற்கே வழி, வடக்கே இன்னார் புரையிடம் (வீட்டு மனை), தெற்கே பனை நிற்கிற வரப்பு. கண்ணாடி கூடப் போடாமல், கடைசியில் தான் போட்ட கையெழுத்து வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தார்.