ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒட்டும் லோகோ

கேள்வி: பிளம்பிங், வயரிங், டைல்ஸ், மொட்டைமாடி ஒழுகல் என்று வீட்டு ரிப்பேர் வேலைகளை நான்கு பேராகச் செய்கிறோம். பிரஸ்ஸில் ஒரு லோகோ போட்டுக் கொடுத்தார்கள். கூரை, அதன் கீழே குறுக்காக ஸ்பேனரும் சுத்தியலும், சுற்றிலும் பல்சக்கரம். எங்கள் ஏரியாவில் இன்னும் இரண்டு பேரிடம் இதே படம் இருக்கிறது. எங்கள் பெயர் ‘ப’வில் தொடங்குகிறது. தனியாகத் தெரிகிற மாதிரி லோகோ எப்படிப் போடுவது?
— வாசகர், திருச்சி

பதில்: அந்தக் கூரைப் படத்தைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். அது ரெடிமேட் படம். பெயரை மட்டும் மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

பிரஷ்ஷால் போர்டு எழுதிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். லோகோ கேட்டு யார் வந்தாலும், “எங்கே ஒட்டப் போகிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்பேன். துணிக்கடை என்றால் வாசல் போர்டு. உங்களை மக்கள் தேடுவது ராத்திரி ஒன்பது மணிக்கு, மோட்டார் ஓடாமல் தொட்டி காலியாகிக் கிடக்கும்போது. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்ப்பார்கள். அங்கே ஏற்கெனவே கேன் தண்ணீர் ஸ்டிக்கர், கேபிள் டிவி ஸ்டிக்கர், பாதி கிழிந்த இன்னொன்று. அதற்கு நடுவே, ‘போன தடவை வந்து சரிசெய்தவர் இவர்தான்’ என்று சட்டென்று தெரிய வேண்டும். அந்த இரண்டு அங்குலத்துக்காகத்தான் உங்கள் லோகோ.

‘ப’ உங்களுக்குக் கிடைத்த நல்ல எழுத்து. நிமிர்ந்த கோடு இரண்டு, கீழே படுத்த கோடு ஒன்று. இரண்டு மூலையிலும் எல்போ (குழாய் திரும்புகிற இடத்தில் போடும் வளைவுத் துண்டு) போட்டால் குழாயாகிவிடும். தண்ணீர் போகிற குழாய் என்றும் பார்க்கலாம், சுவருக்குள் வயர் போகிற பைப் என்றும் பார்க்கலாம். எல்போ வருகிற இடத்தில் மட்டும் கோடு கொஞ்சம் தடிக்கட்டும், நிஜத்தில் இருப்பது போலவே. தண்ணீர்த் துளி, மின்னல், பல்பு எதையும் சேர்க்காதீர்கள். ஒன்றைச் சேர்த்தால் நான்கையும் சேர்க்க வேண்டி வரும், மறுபடியும் பல்சக்கரத்தில் வந்து நிற்பீர்கள். என்னென்ன வேலை செய்வீர்கள் என்பதைப் பெயருக்குக் கீழே எழுத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஏசியன் பெயின்ட்ஸுக்காக ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் வரைந்த ‘கட்டு’ ஞாபகம் இருக்கிறதா? வீடு இல்லை, சுவர் இல்லை. பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒரு குறும்புப் பையன், அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் அந்தப் பையனை வைத்தே மக்கள் அந்தப் பெயின்ட்டை அடையாளம் கண்டார்கள்.

அப்புறம் நிறம். வெயில் படுகிற ஸ்டிக்கரில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். வரைந்து முடித்ததும் பில் புக்கில் குத்துகிற அளவுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து பாருங்கள். அதில் தெளிவாக விழுந்தால் சட்டைப் பை, பைக் டேங்க், வாட்ஸ்அப் படம் எதிலும் தெளிவாக இருக்கும். விழவில்லையா, கோடுகளைக் குறையுங்கள்.

நாளைக்குக் கடை போட்டாலும் இந்த ‘ப’ கைகொடுக்கும். தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில், தமிழ் முதலில் இருக்க வேண்டும் என்பது விதி.

கேள்வி: ‘வீட்டு டாக்டர்’ என்று பெயர் வைத்து, வீட்டுப் படத்துக்குள் சிவப்புக் கூட்டல் குறி போட்டிருக்கிறேன். பொருத்தம்தானே?
— வாசகி, ஈரோடு

பதில்: தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வெள்ளையில் சிவப்புச் சிலுவை என்பது மருத்துவத்துக்கான பொதுப் படம் இல்லை. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனிப்பவர்களைத் தாக்கக்கூடாது என்று சொல்லும் பாதுகாப்புச் சின்னம். 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி, அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. அந்தச் சின்னத்தைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டால், உயிர் காக்க வேண்டிய இடத்தில் அதற்கு மதிப்பிருக்காது.

டாக்டர் என்று பெயரே சொல்லிவிடுகிறது. படம் உங்கள் வேலையைச் சொல்லட்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வரையுங்கள்: கண்ணாடிக் குழாய், இரண்டு கோடு, நடுவில் குமிழி. பார்ப்பதற்குத் தெர்மாமீட்டர் சாயலும் வரும். உங்கள் பெயருக்கு அது அருமையாகப் பொருந்தும்.

கேள்வி: லோகோவைப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? வரைந்து கொடுத்தவரிடம் என்ன வாங்க வேண்டும்?
— வாசகர், மதுரை

பதில்: ரிப்பேர் சேவை வணிகச்சின்னப் பதிவில் 37-ஆம் வகுப்பில் வரும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் ரூ. 4,500. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் ஆர் என்றால் பதிவான சின்னம் என்று அர்த்தம். பதிவு கிடைப்பதற்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு. டிஎம் (டிரேட்மார்க்) என்று போடலாம்.

வரைந்தவரிடம் பதிப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை ஆண்டுக்கு என்பதும் அதில் இருக்கட்டும். எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜேபிஜி படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் உடையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத சிடிஆர் அல்லது எஸ்விஜி கோப்பைக் கேட்டு வாங்கி, உங்கள் மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.