கீழே கிடப்பதையெல்லாம் தின்கிற நாயை அடிக்காமல் பழக்க முடியுமா?

எட்டு மாத நாட்டு நாய், தெருவில் கிடப்பதையெல்லாம் கவ்வுகிறது, கூப்பிட்டால் ஓடுகிறது, ரெண்டு போட்டால்தான் அடங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தவன்.

எங்கள் வீடு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கரையிலிருந்து கூப்பிடு தூரம். விசைப்படகுகள் வந்து சங்காயத்தை, அதாவது வலையில் சேர்ந்து வரும் கழிவு மீனை, கொட்டி அள்ளும்போது நடுவில் பேத்தை மீனும் மணலில் சிதறிக் கிடக்கும். தொட்டால் பந்து மாதிரி உப்புமே, அந்த மீன். ஈரல், சினை, தோல் எல்லாம் விஷம். வேகவைத்தாலும் காயப்போட்டாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது.

என் முதல் நாய் மணி. குட்டியிலிருந்தே எதையாவது கவ்வினால் ஓடிப்போய் வாயைப் பிளந்து பிடுங்குவேன், பனை மட்டையால் ரெண்டு வைப்பேன். கீழே கிடப்பதைத் தொடக்கூடாது என்று அதற்குப் புரியும் என நினைத்தேன். அதற்குப் புரிந்ததோ, இவன் வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்பது. ஒரு சாயங்காலம் கரையில் பேத்தையைக் கவ்வியது. "டேய்!" என்று கத்தினேன். கத்தியதுதான் தாமதம், மெல்லக்கூட இல்லை, முழுங்கிவிட்டது. வாந்தி எடுத்தது, பின்னங்கால் இழுத்துக்கொண்டது. ராமநாதபுரத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். உச்சிப்புளி தாண்டவில்லை, மூச்சு நின்றுவிட்டது.

அடுத்து வந்தது செவலை. பெட்டை, சரியான வாலு. மட்டையைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு வேறு வழி தேடினேன். 1960களில் ஹவாயில் ஓங்கல்களை (டால்பின்களை) பழக்கிய காரென் பிரையர் பற்றி அப்போதுதான் படித்தேன். ஓங்கலுக்குக் கழுத்துப்பட்டை கட்ட முடியாது, கத்தினால் அது பாட்டுக்கு அடியில் போய்விடும். அதனால் சொன்னதைச் செய்த அந்த நொடியில் ஒரு விசில், பின்னாலேயே மீன். இதே முறையைப் பிற்பாடு நாய்க்கும் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

விசிலுக்குப் பதில் நான் எடுத்துக்கொண்ட சொல் "சபாஷ்". எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சபாஷ் என்று சொல்வதில்லை, அதனால் குழப்பம் வராது. முதலில் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். சபாஷ் என்று சொல்லி உடனே ஒரு துண்டு தீனி, இப்படிப் பதினைந்து இருபது தடவை. சொல்லைக் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு "விடு". மூடிய கைக்குள் தீனியை வைத்து மூக்குக்கு நேரே நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், முனகும். பேசாமல் இருங்கள். சலித்துப்போய் மூக்கை ஒரு விரற்கடை பின்னால் இழுக்கும் பாருங்கள், அந்த நொடியில் சபாஷ், மற்றக் கையிலிருந்து தீனி. மூடிய கையில் இருப்பதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். விட்டது விட்டதுதான், அதைவிட நல்லது வேறு பக்கமிருந்து வரும் என்று அதற்குப் பதிய வேண்டும். தானாகவே பின்வாங்க ஆரம்பித்த பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அடுத்து திறந்த கை, தரையில் செருப்புக்கடியில், பின் வெறும் தரை, முற்றம், கடைசியில் நீளக் கயிற்றோடு தெரு. செவலைக்குத் தெரு வரை வர ஏழெட்டு வாரம் ஆனது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

தீனி நகம் அளவு போதும். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சாளை மீன் எங்கள் வீட்டில். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். "வீட்டுக்கு மீன் வாங்கிட்டு வாடான்னா நாய்க்கு வாங்கிட்டு வந்து நிக்கிறான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், அப்போது அவித்த முட்டை. நீங்களும் கடற்கரைக்காரர் என்றால், கரையில் பழக்க அந்த 61 நாள்தான் நல்ல நேரம். விசைப்படகு போகாது, மணலில் சங்காயம் குறைவு, நாய்க்குக் கவனம் சிதறாது.

கூப்பிட்டால் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். "வா" என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டுவோம், இல்லை திட்டுவோம். வந்தால் நல்லது மட்டுமே நடக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டுமா, நீங்கள் எழுந்து போய்ப் பிடித்து வாருங்கள்.

காலம் முழுக்க மீனோடு அலைய வேண்டுமா என்று சித்தப்பா கேட்டார். வேண்டாம். நன்றாகப் பழகிய பிறகு மூன்று தடவைக்கு ஒன்று, ஐந்து தடவைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். தூண்டில் போடுகிறவருக்கு ஒவ்வொரு வீச்சுக்குமா மீன் விழுகிறது? விட்டுவிட்டா போகிறார்?

ஒன்று மட்டும்: பேத்தையை முழுங்கிவிட்டது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கழிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

தடைக்காலம் முடிந்த வாரம் செவலையோடு கரையில் நடந்தேன். நண்டு வளையைத் தாண்டி ஒரு பேத்தை உப்பிக் கிடந்தது. அது பார்த்துவிட்டது, கிட்டே போய் மூக்கை நீட்டியது. "விடு" என்றேன், கத்தாமல். நின்று என் முகத்தைப் பார்த்தது. சபாஷ் என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் கைவிட்டால் காலி. வரும் வழியில் டீக்கடையில் அவித்த முட்டை ஒன்று வாங்கி முழுசாகக் கொடுத்தேன். அரை மணி கழித்துக் கொடுத்த கூலி, எதற்கு என்று அதற்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் வாங்காமல் வர முடியவில்லை.