மனநலத் துறையில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர் தனக்கென ஒரு பாணியை எப்படி உருவாக்கிக்கொள்வது?

கேட்டவர் கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். முடித்துச் சில வருடம் வேலை பார்த்தவர். இப்போதுதான் தெரபி பழகும் ட்ரெய்னிகளின் கேஸ்களைக் கேட்டு வழிநடத்தும் சூப்பர்விஷன் பொறுப்பு வந்திருக்கிறது. பேசும்போதெல்லாம் தன் பழைய சூப்பர்வைசரின் குரலே வெளியே வருகிறது, அது தனக்கு ஒட்டவில்லை என்கிறார்.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தெரபி செய்ய நமக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சூப்பர்விஷன் செய்ய, நமக்கு நடந்த சூப்பர்விஷன்தான் பயிற்சி.

பாணியைத் தேடி எங்கும் போக வேண்டாம், ஏற்கெனவே ஒன்று உங்களிடம் இருக்கிறது. ட்ரெய்னி கேஸைச் சொல்லி முடித்ததும் உங்கள் வாயில் வரும் முதல் கேள்வி எது என்று பாருங்கள். "டயக்னோசிஸ் என்ன?" என்று தொடங்குகிறவர் ஒரு ரகம். "அப்போ நீங்க என்ன பண்ணீங்க?" என்பவர் இன்னொரு ரகம். "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. என் கேள்வி, "அவங்க அதை எப்படிச் சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க" என்பது. ஃபைலில் "குடும்பப் பிரச்சினை" என்று ஒரு வரி இருக்கும். கேட்டால், "என் பையன் என்கிட்ட பேசியே நாலு மாசம் ஆச்சு, ஆனா நான் சமைச்சதைச் சாப்பிடுறான்" என்று அந்த அம்மா சொன்னது வெளியே வரும். அதற்கப்புறம்தான் பேச விஷயமே கிடைக்கும்.

உங்கள் முதல் கேள்வி எதுவென்று தெரிந்துவிட்டால், அது எதையெல்லாம் கேட்காமல் விடுகிறது என்பதும் தெரியும். 1979-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜானைன் பெர்னார்ட் முன்வைத்த மாடல் இதற்கு ரொம்ப உதவும். சூப்பர்வைசருக்கு மூன்று வேடம் என்றார் அவர்: சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், ட்ரெய்னியின் மனதைக் கவனிக்கும் ஆலோசகர், சமமாக உட்கார்ந்து யோசிக்கும் சக நிபுணர். யாருக்கும் மூன்றும் ஒரே அளவில் வராது. நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு முதல் வேடம் தானாக வந்துவிடும். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலே நமக்கு வகுப்பெடுக்கத் தோன்றும்.

ட்ரெய்னி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதும் முக்கியம். புதிதாக வந்தவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மறுபடி மறுபடி கேட்பது ஞானமாகத் தெரியலாம், அவருக்கு அது சித்திரவதை. முதல் சில மாதங்கள் அவருக்கு வேண்டியது தெளிவான வழி: இன்டேக்கில், அதாவது முதல் சந்திப்பில், இதைக் கேளு, இதை எழுது, இதை என்னிடம் உடனே சொல்லு. அதே ஆளிடம் இரண்டாம் வருடமும் அப்படியே பேசினால் கடுப்பாகிவிடுவார். நியாயம்தானே? அதனால் ஒரே சுருதியில் பாடுவதைப் பாணி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் ரொம்ப நம்பும் ஒரு வழி இருக்கிறது. செஷனை ஒலிப்பதிவு செய்யச் சொல்வேன். கிளையண்டின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இருந்தால் மட்டும்தான், பதிவு யாருடைய சொந்த வாட்ஸ்அப்பிலும் சுற்றக்கூடாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940-களின் தொடக்கத்திலேயே ஒஹையோவில் செஷன்களைப் பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். 1960-களில் மிச்சிகனில் நார்மன் கேகன் செய்த மாற்றம் இன்னும் அழகு: பதிவை எங்கே நிறுத்துவது என்பதை ட்ரெய்னியே முடிவு செய்வார், சூப்பர்வைசர் விமர்சிக்காமல் கேள்வி மட்டும் கேட்பார்.

ஒரு செஷன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேர்வு எழுதாமல் பாதியில் எழுந்து வந்த கல்லூரிப் பையன். "ரிசல்ட் வந்தப்போ அப்பா ஒண்ணும் சொல்லல. பார்த்துக்கிட்டே இருந்தார்" என்கிறான். அடுத்த நொடி ட்ரெய்னியின் குரல்: "சரி, நாம ஒரு ப்ரீத்திங் எக்சர்சைஸ் பண்ணலாமா?" அங்கே ட்ரெய்னியே நிறுத்தினார். "இந்த இடத்துல உங்களுக்குள்ள என்ன ஓடிச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அவன் அழுதுடுவானோன்னு பயமா இருந்துச்சு மேடம்" என்றார். அவன் அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனதில் அந்த மணி நேரமே போய்விட்டது. "அங்கே நீங்கள் அமைதியாக இருந்திருக்க வேண்டும்" என்று நான் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒரு எல்லை உண்டு. அந்தப் பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது, அவர் வீட்டில் யார் அழுவார்கள் என்று தோண்டக் கூடாது. அது சூப்பர்விஷன் அல்ல, தெரபி. இது பழைய சண்டைதான். ஒருவரை உளப்பகுப்பாய்வு செய்த அதே ஆள்தான் அவருடைய முதல் கேஸையும் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று 1930-களில் புடாபெஸ்ட் நகரத்து உளப்பகுப்பாய்வாளர்கள் வாதிட்டார்கள். வியன்னாக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வியன்னா பக்கம். மதிப்பெண் போடும் கை என்னுடையது. அந்தக் கையிடம் யாரும் முழு மனதைக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி, "சரி மேடம்". நம் ஊரில் சூப்பர்விஷனின் பெரிய எதிரி இதுதான். நீங்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். நிக்கோலஸ் லேடனியும் சக ஆய்வாளர்களும் 1996-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கிட்டத்தட்ட எல்லா ட்ரெய்னிகளுமே சூப்பர்வைசரிடம் எதையாவது மறைத்திருந்தார்கள். அதிகம் மறைத்தது சூப்பர்வைசர் மீதே இருந்த அதிருப்தியை. அங்கேயே அப்படியென்றால் இங்கே கேட்கவே வேண்டாம். "என்கிட்ட ஃப்ரீயா பேசலாம்" என்று அறிவிப்பதால் ஒன்றும் மாறாது. மதிப்பீடு எப்படி, எதை வைத்து என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்புறம், நான் சொன்னதில் எது அந்தக் கிளையண்டுக்குப் பொருந்தாது என்று ஒன்றாவது சொல்லிவிட்டுப் போகச் சொல்வேன். முதலில் நெளிவார்கள். பிறகு பழகிவிடும்.

பாணிக்கு இடமே இல்லாத ஒரு இடம் இருக்கிறது: தற்கொலை எண்ணம், குழந்தைக்கு ஆபத்து, வீட்டில் அடி உதை. அங்கே நான் தத்துவம் பேசுவதில்லை. நேராகக் கேட்டீர்களா, திட்டம் இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள், மருத்துவரிடம் சொன்னீர்களா, எழுதினீர்களா, அவ்வளவுதான். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 கிளையண்டின் கையில் இருக்கிறதா என்பது வரை பார்ப்பேன். இதில் மென்மையானவர், கண்டிப்பானவர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. நீங்கள் செய்யும் சூப்பர்விஷனையும், ட்ரெய்னியின் சம்மதத்தோடு, ஒருமுறை பதிவு செய்து இன்னொரு சூப்பர்வைசரோடு உட்கார்ந்து கேளுங்கள். யார் அதிக நேரம் பேசினார்கள் என்பதை மட்டும் கவனித்தாலே போதும். அப்புறம், பயிற்சி முடிந்து சான்றிதழும் வாங்கிப்போன பழைய ட்ரெய்னி யாரையாவது டீ குடிக்கக் கூப்பிட்டு, என்னிடம் எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால் "ஒண்ணுமில்லை மேடம்" என்றுதான் வரும்.