பெர்பட்டோவ் ஓடவே மாட்டாராமே?

கேள்வி: பல்கேரிய ஸ்ட்ரைக்கர் டிமிட்டர் பெர்பட்டோவ் மைதானத்தில் உலாத்துவார், ஓட மாட்டார் என்கிறார்களே. அவருக்கு மான்செஸ்டர் யுனைடெட் ஏன் அவ்வளவு கொட்டிக்கொடுத்தது? (திருச்சி வாசகர்)

பதில்: 2008 செப்டம்பரில் அவருடைய பழைய கிளப் டாட்டன்ஹாமுக்குக் கைமாறியது 3.075 கோடி பவுண்டு. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, எவ்வளவு வேகமாக வரும் பந்தையும் காலடியில் அடக்கி, மற்றவர்கள் ஓடிவரும்வரை வைத்திருப்பதுதான் அவருடைய வேலை. அந்த அக்டோபரில் வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். எல்லைக் கோட்டை ஒட்டி ஒரே தொடுகையில் எதிரணித் தற்காப்பு வீரர் ஜேம்ஸ் காலின்ஸை ஏமாற்றித் திரும்பி ரொனால்டோவுக்குக் கொடுப்பார், கோல்! அப்படித் திரும்புகிறவர் வியர்க்க ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன?

கேள்வி: 2010-11 பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவர். அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மாற்று வீரர்கள் பெஞ்சில்கூட இடம் இல்லையே, ஏன்? (கோவை வாசகர்)

பதில்: 20 கோல், அதிக கோலுக்கான தங்கக் காலணி விருதை கார்லோஸ் டெவெஸுடன் பகிர்ந்தார். ஆனால் அந்த இருபதைப் பிரித்துப் பாருங்கள். பிளாக்பர்னுக்கு எதிராக 5, லிவர்பூலுக்கு எதிராக 3, பர்மிங்ஹாமுக்கு எதிராக 3. மூன்றே ஆட்டங்களில் 11, மூன்றும் சொந்த மைதானத்தில். இறுதியாட்டத்தில் எதிரணியான பார்சிலோனாவிடமோ பந்தே கிடைக்காது. கிடைக்கும் ஒன்றிரண்டு தடவையும் தற்காப்பு வரிசையின் பின்னால் பாய ஆள் வேண்டும். அதற்கு யுனைடெட்டின் இன்னொரு ஸ்ட்ரைக்கர் ஹெர்னாண்டஸ் பொருத்தமானவர். பெஞ்சில் மைக்கேல் ஓவனை உட்காரவைத்ததுதான் எனக்கு இன்றும் உறுத்தல். யுனைடெட் 3-1 எனத் தோற்றது.

கேள்வி: அவரைப்போல் பந்தை அடக்க எப்படிப் பழகுவது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பந்து வருமுன் இரண்டு முறை தோளுக்குப் பின்னால் பாருங்கள், எதிராளி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தொட்டால் பந்து அவன் காலுக்கே போகும். அடுத்து, கணுக்காலைத் தளர்த்தி, பந்து பாதத்தைத் தொடும் நொடியில் காலை ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். விறைப்பாக நீட்டிய காலில் பட்டால் பந்து எகிறிவிடும், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சுவரில் 5 மீட்டர் தள்ளி நின்று தரைப்பந்தில் தொடங்கலாம். அது படிந்த பிறகே உயரப்பந்து. இடது காலை ஒதுக்காதீர்கள்.

கேள்வி: கேரளா பிளாஸ்டர்ஸில் ஏன் சோபிக்கவில்லை? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: 2017-18இல் வந்தபோது வயது 36. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) 9 ஆட்டம், ஒரு கோல். காயம் ஒருபக்கம், மறுபக்கம், நடுக்களத்துக்கு இறக்கி ஆடவைத்தார்கள். முன்னால் நின்று பந்தைப் பிடித்துவைக்கிறவரைக் கொண்டுபோய் எதிராளியைத் துரத்தும் இடத்தில் நிறுத்தினால் வேறென்ன நடக்கும்?

பல்கேரியாவுக்காக அவர் அடித்தது 48 கோல், ஹ்ரிஸ்டோ போனேவின் 47ஐத் தாண்டிய தேசிய சாதனை. உலகக் கோப்பை மட்டும் ஒருமுறைகூட ஆடக் கிடைக்கவில்லை.