விமர்சகர் படம் எடுத்தால் தேறுமா?

சினிமாவைப் பற்றி எழுதுகிறவர் தாமே படம் எடுத்தால் தேறுமா, தமிழில் அப்படி யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. என் பதில், அம்ஷன் குமார்.

கல்லூரி நாட்களில் நூலகத்தில் அவருடைய 'சினிமா ரசனை' (1990) கைக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதுவரை எனக்குப் படம் என்றால் கதை, பாட்டு, சண்டை. கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2003-இல் 'ஒருத்தி' வந்தது. கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலை எடுத்துக்கொண்டு செய்த படம். ஆடு மேய்க்கும் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கும் மேல்சாதி இளைஞனுக்குமான காதல். கி.ரா.வின் நடையில் இருக்கும் கரிசல் வாடை முழுவதும் திரைக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், கிராமம் என்றாலே திருவிழாவும் அரிவாளும் என்று பழகிப்போன கண்ணுக்கு அது வேறொரு கிராமம்.

அடுத்த கதைப்படத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இடைவெளி விழுந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரதியார், சர் சி. வி. ராமன், அசோகமித்திரன், பாடகர் மணக்கால் ரங்கராஜன் என்று அவர் எடுத்த ஆவணப்படங்களின் வரிசையைப் பாருங்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றிய படம் தேசிய விருது பெற்றது. 1933-இல் இணுவிலில் பிறந்து 1975-இல் மறைந்த தவில் மேதை அவர். ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் அவரை நேரில் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள். அந்த நினைவுகளைப் படமாக்கி வைத்ததற்காகவே நாம் அம்ஷன் குமாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

பிறகு 'மனுசங்கடா' (2017). கவிஞர் இன்குலாப்பின் பாடல் தந்த தலைப்பு. சென்னையில் வேலை பார்க்கும் கோலப்பனுக்கு ஊரில் அப்பா இறந்த செய்தி வருகிறது. பொதுப் பாதை வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக மேல்சாதியினர் விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கி வருகிறான். அந்தத் தாள் கையில் இருந்தும் பாதை திறக்கவில்லை. மனு, வக்கீல், அதிகாரிகள், காவல்துறை என்று அவன் அலையும் இடமெல்லாம் கேமராவும் கூடவே போகிறது. இதே கதையை வசனமாகக் கொட்டி அழவைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. வீட்டுக்குள் பிணம், வெளியே பேச்சுவார்த்தை. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் காத்திருப்பு தாங்க முடியாததாக இருக்கிறது. 'சினிமா ரசனை' எழுதிய கையை நான் அங்கேதான் அடையாளம் கண்டேன்.

கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில், இந்தியப் படங்களுக்கான பிரிவான இந்தியன் பனோரமாவில் இடம்பெற்ற படம் அது. அடுத்த ஆண்டு திரையரங்குக்கு வந்தபோது பகல் காட்சிக்குப் போனேன். இருபது பேர் இருந்திருப்போம். அப்பாவைப் புதைத்த இடம் எதுவென்று தெரியாமல் மகன் தேடும் கட்டம் முடிந்து விளக்கு எரிந்தது. எனக்கு முன்வரிசையில் வயதான ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க ஊர்லயும் வரப்பு மேலதான் தம்பி தூக்கிட்டுப் போவோம்" என்றார். அடுத்த வாரம் அந்தத் திரையரங்கில் படம் இல்லை.

பார்க்க நினைத்தால் 'மனுசங்கடா'வில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு தெட்சணாமூர்த்தி படம். 'கிடை'யைப் படித்துவிட்டு 'ஒருத்தி'க்குப் போங்கள்.