இலை செழிக்கிறது, பூ மட்டும் வரவில்லை: அலங்கார இஞ்சிக்கு என்ன செய்வது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தடியில் சிவப்பு இஞ்சி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. ஆனால் போன வருடம் மூன்றே பூதான். மாதம் ஒரு கை யூரியா போடுகிறேன். புதர் அடர்ந்தால் உயரமான தண்டுகளை வெட்டிச் சீர்செய்கிறேன். தொட்டியில் வைத்த ஷாம்பூ இஞ்சியோ குளிர் மாதங்களில் அடியோடு காய்ந்துவிட்டது. எங்கே தவறுகிறேன்?

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உயரமான தண்டுகளை வெட்டுவதாகச் சொல்கிறீர்கள். வரவேண்டிய பூவைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

சிவப்பு இஞ்சி இலைத்தண்டின் நுனியில்தான் பூக்கும். அதிலும் முதிர்ந்த தண்டுதான் பூக்கும், ஒரு தண்டு ஒரே முறைதான் பூக்கும். வாழையை நினைத்துக்கொள்ளுங்கள்: குலை தள்ளிய மரத்தைச் சாய்ப்போம், வளரும் கன்றில் கை வைக்க மாட்டோம். இங்கும் பூத்து வாடிய தண்டை மட்டும் தரையோடு ஒட்ட வெட்டுங்கள். பாதியில் வெட்டிவிட்டால் மிஞ்சிய கட்டையிலிருந்து மறுபடி பூ வராது, இடத்தைத்தான் அடைக்கும். மிக மெலிந்த, நோஞ்சான் தண்டுகளை எடுத்துவிடலாம். மற்றவற்றை, எவ்வளவு உயரம் போனாலும், விட்டுவிடுங்கள்.

எல்லா அலங்கார இஞ்சிக்கும் இதே கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. டார்ச் இஞ்சி, ஷாம்பூ இஞ்சி இரண்டிலும் பூக்காம்பு கிழங்கிலிருந்து தனியாக, இலை இல்லாமல் எழும்பி வரும். ஷெல் இஞ்சி முந்தைய பருவத்தில் வளர்ந்த தண்டில்தான் பூக்கும். வருடா வருடம் தரைமட்டமாக வெட்டுகிறவர் அதில் பூவைப் பார்க்கவே முடியாது. கத்தரிக்கோலை எடுக்கும் முன் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது யூரியா. அதை இன்றே நிறுத்துங்கள். தழைச்சத்து மட்டும் கொட்டினால் செடி இலையிலேயே காலத்தை ஓட்டும். தூரைச் சுற்றி மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போட்டு, வளரும் பருவத்தில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) கூடுதலாக உள்ள கலப்பு உரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள். பொட்டாஷ் சத்துக்காக அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு பிடி தவறில்லை. ஆனால் இந்தச் செடிக்குச் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். சாம்பல் மிகுந்து மண் காரத்தன்மைக்கு மாறினால், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுக்கும். அது இரும்புச்சத்துக் குறை.

நிழல் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அலங்கார இஞ்சி நிழல் செடி என்பது அரை உண்மை. அடர்ந்த நிழலில் சாகாது, அவ்வளவுதான்; பூக்க வெளிச்சம் வேண்டும். காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழுந்து, உச்சி வெயில் மட்டும் மறைந்தால் மிகப் பொருத்தம். உங்கள் மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துப் பாருங்கள். முடியாவிட்டால், கூம்பு போன்ற குருத்தும் வேரும் உள்ள நாலைந்து தண்டுகளைக் கிழங்கோடு பிரித்து வெளிச்சமான இடத்தில் நடுங்கள். மர வேரோடு தண்ணீருக்குப் போட்டியிடும் தொல்லையும் அதோடு தீரும். கிழங்கை மூன்று விரல்கடைக்கு மேல் ஆழத்தில் புதைக்க வேண்டாம். மேலே காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். மண் எப்போதும் ஈரமாக இருக்கலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

இன்னொன்று. நாம் பூ என்று ரசிக்கும் சிவப்பு, உண்மையில் பூவடிச் செதில், அதாவது பூவின் அடியில் இருக்கும் நிறமேறிய இலை. அசல் பூ அதன் இடுக்கில் எட்டிப் பார்க்கும் சிறிய வெள்ளைப் பூ. அந்த இடுக்கில்தான் மாவுப்பூச்சியும் குடியேறும். எறும்பு வரிசையாக ஏறினால் சந்தேகப்பட்டு விரித்துப் பாருங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். பழைய பூக்கதிரில் குட்டிச் செடிகள் முளைத்திருந்தால் அதை நோய் என்று நினைத்துப் பிடுங்க வேண்டாம். அவற்றை நட்டால் புதுச் செடி கிடைக்கும்.

ஷாம்பூ இஞ்சிக்கு வருவோம். அது பெரும்பாலும் செத்திருக்காது, உறங்குகிறது. பருவம் முடிந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டுக் கிழங்காக ஒடுங்குவது அதன் இயல்பு. அந்த மாதங்களில் பாவம் பார்த்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் உண்மையிலேயே அழுகிப்போகும். மேல்மண்ணை விலக்கிக் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தொட்டியை மழை படாத இடத்தில் ஒதுக்கி வையுங்கள். வெப்பம் திரும்பி முளை தெரிந்த பிறகு நீரும் உரமும் தொடங்கினால் போதும். கொழகொழவென்று நாற்றமடித்தால் அந்தப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, நல்ல துண்டு மிஞ்சினால் வெட்டுவாய் காய்ந்தபின் புது மண்ணில் வையுங்கள்.